கிறிஸ்துமஸ் மரம்: அத்தைக்குச் சவுக்கு, மகளுக்கு வெள்ளை-தங்கம். தீர்ப்பு சொல்லுங்க!

பாளை ஜெசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஓடுது.

நாங்க இருக்கிறது சென்னையில, ரெண்டாவது மாடி ஃபிளாட். நாலடி பிளாஸ்டிக் மரம் ஒண்ணு இருக்கு, கல்யாணமான புதுசுல பாரிமுனையில ஒரு சந்துக் கடையில வாங்கினது. டிசம்பர் பிறந்ததும் பரண்ல இருந்து இறக்கி, கம்பிக் கிளையை விரிச்சு, இருக்கிறதையெல்லாம் மாட்டிருவோம். சிவப்பு ஜிகினா மாலை, சாயம் போன பிளாஸ்டிக் உருண்டைகள், தெர்மாகோல் மணி, மக எல்கேஜி படிக்கும்போது ஐஸ் குச்சி ஒட்டிச் செஞ்ச நட்சத்திரம், எங்க அப்பாவுக்கு அந்தக் காலத்துல வந்த வாழ்த்து அட்டைகள் நூல்ல கோத்து. இத்தனையும் ஏறினா மரம் கண்ணுக்கே தெரியாது. அதுதான் எனக்குப் பிடிக்கும்.

இப்போ மக ஒன்பதாம் வகுப்பு. போனை நீட்டி நீட்டிக் காட்டுறா. வெள்ளை உருண்டை, தங்க உருண்டை, ஆள் தலை அளவுக்கு ரிப்பன் முடிச்சு, வேற கலரே கூடாதாம். "அம்மா, நம்ம மரம் திருவிழாக் கடை மாதிரி இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் வந்தா மானம் போகுது"ங்கா. கேட்டா "வெளிநாட்டுல இதுதாம்மா டிரடிஷன்"னு ஒரு போடு.

இந்த வருசம் பார்த்து அத்தையும் சாயர்புரத்துல இருந்து வந்து எங்ககூட இருக்காங்க. அவங்க கட்சியே வேற. "சவுக்குக் கொம்பு இல்லாம என்ன கிறிஸ்மஸ்? பிளாஸ்டிக்கை நடுவீட்டுல வச்சா வீடு மணக்குமா?"ன்னு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.

அத்தை சொல்றதுல எனக்கும் ஒரு ஆசை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில. சின்னதுல எங்க வீட்டுலயும் சவுக்குதான். தாத்தா ஆள் உயரக் கொம்பு ஒண்ணு கொண்டுவந்து, பழைய பெயிண்ட் வாளியில ஆத்து மணலைக் கொட்டி நட்டு, வாளி தெரியாம கிரேப் பேப்பர் சுத்திருவாங்க. பஞ்சைப் பிச்சுப் பிச்சு 'பனி' போடுறது எங்க வேலை. திருநெல்வேலி வெயில்ல பனி! கொம்பை அலங்கரிக்கிறதை விட அதோட ஊசியை வச்சு விளையாடினதுதான் அதிகம். சவுக்கு ஊசியை எங்கேயாவது ஒரு கணுவுல கழட்டி, மறுபடி தெரியாம செருகி, "எங்க உடைச்சேன் சொல்லு"ன்னு கேக்கணும். அண்ணன்கிட்ட தோத்துக்கிட்டே இருப்பேன்.

எங்க வீட்டுக்காரர் வழக்கம்போல "எதையாவது வைங்க, லைட் எரிஞ்சாச் சரி"ன்னுட்டார்.

எங்க சபையில இருந்து கேரல் ரவுண்ட்ஸ் எங்க தெருவுக்கு 20-ஆம் தேதி ராத்திரி வருது. அதுக்குள்ள மரம் நிக்கணும். சென்னையில சவுக்குக் கொம்பு எங்க கிடைக்கும், வாடாம எத்தனை நாள் நிக்கும்? மக சொல்ற மாதிரி ஒரே கலர்ல ஜோடிக்கிறதுதான் நிஜமாவே அந்த ஊர் வழக்கமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அத்தையும் மகளும் ஒரே நேரத்துல சிரிக்கிற மாதிரி வழி இருந்தா இன்னும் நல்லது.

தோட்டக்கார அண்ணாச்சி:

ஜெசி தங்கச்சி, சவுக்கு விசயம் நான் சொல்லுதேன். நர்சரிதான் நமக்குத் தொழில்.

முதல்ல ஒண்ணு. சவுக்கு பார்க்கத்தான் ஊசியிலை மரம். பைன் குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, அது பூக்கிற மரம். நீங்க கழட்டிக் கழட்டிச் செருகினீங்களே, அது இலை இல்ல, மெல்லிசான சிறு கிளை. ஒவ்வொரு கணுவுலயும் உத்துப் பார்த்தா பல்லு பல்லா சின்னதா சுத்தி நிக்கும், அதுதான் இலை. பூதக்கண்ணாடி இருந்தா மகளுக்குக் காட்டுங்க.

கிடைக்கிற இடம்: மரக்காணம் பக்கம், விழுப்புரம், கடலூர் மாவட்டம் பூரா சவுக்குத் தோப்புதான். கம்பு வெட்டும்போது அடிக்கட்டை சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போயிரும், நுனிக்கொம்பு விறகாத்தான் கிடக்கும். அதைக் கேட்டாப் பெரும்பாலும் சும்மாவே தருவாங்க, இல்ல டீ செலவுக்குக் கொடுத்தாப் போதும். கடற்கரையில வரிசையா நிக்கிற சவுக்கு வனத்துறைது, அதுல கை வச்சிராதீங்க.

வாடாம இருக்க: தாத்தா போட்ட மணல் சரி, ஆனா மணல் எப்பவும் ஈரமா இருக்கணும். கொண்டுவந்த உடனே அடிக்கட்டையை ஒரு விரல் நீளத்துக்குச் சாய்வா வெட்டி விடுங்க, வெட்டின முகம் காஞ்சா அப்புறம் தண்ணி ஏறாது. தினம் ஒரு செம்பு தண்ணி. ஃபேனுக்கு நேர் கீழ வைக்காதீங்க. எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரத்துல தலை தொங்கும், அப்புறம் ஊசி கொட்டும். உங்களுக்கு 20-ஆம் தேதி கேரல்னா 19-ஆம் தேதி வெட்டினாத்தான் 25 வரைக்கும் பச்சை நிக்கும். டிசம்பர் ஒண்ணாம் தேதியே நடணும்னா சவுக்கு ஆகாது.

அதுக்குத்தான் இப்ப எல்லாரும் அரகேரியா வாங்குதாங்க. நர்சரியில 'கிறிஸ்மஸ் மரம்'னு கேட்டா எடுத்துக் கொடுக்கிற தொட்டிச் செடி. அதோட சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவு. அடுக்கடுக்கா, ஒவ்வொரு அடுக்கும் நட்சத்திரம் விரிச்ச மாதிரி நிக்கும். வருசா வருசம் அதையே உள்ள கொண்டுவந்து ஜோடிச்சுட்டு, முடிஞ்சதும் பால்கனிக்கே அனுப்பிரலாம். ரெண்டு விசயம் மட்டும் கவனம். நுனிக் குருத்து உடைஞ்சா அந்த வடிவமே போயிரும். வெளிச்சம் இல்லாத ஏசி ரூம்லயே கிடந்தா கீழடுக்குக் கிளை காஞ்சு விழும், விழுந்த இடத்துல மறுபடி துளிர்க்காது. ஏழெட்டு நாளுக்கு மேல ஹால்ல வச்சு வதைக்காதீங்க.

இதே இனத்துல குக் பைன்னு ஒண்ணு, அதையும் இதே பேர்ல விக்கிறாங்க. அது வளர வளர பூமத்திய ரேகை இருக்கிற பக்கமாச் சாயும். நம்ம ஊர்ல தெற்கே சாயும், ஆஸ்திரேலியாவுல வடக்கே சாயும். 2017-ல ஆராய்ச்சிக்காரங்க பல நாட்டுல அளந்து பார்த்து எழுதியிருக்காங்க. ஏன்னு கேட்டா இன்னும் சரியான பதில் இல்ல. சாய்ஞ்ச செடியைக் கொடுத்துட்டான்னு கடைக்காரனைத் திட்டாதீங்கன்னு சொல்ல வந்தேன்.

எர்ஃபுர்ட்வாசி:

சகோதரி, மகள் சொன்ன 'வெளிநாட்டு வழக்கம்' பற்றி நான் சொல்கிறேன். நான் இருப்பது ஜெர்மனியின் துரிங்கியா மாநிலம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டை பிறந்த ஊர் லௌஷா இங்கேதான், மலைக்காட்டுக்குள், ரயிலில் போய் வரும் தூரத்தில் இருக்கிறது.

ஒரே நிறத்தில் ஜோடிப்பது இங்கே பழைய வழக்கமே இல்லை. பழைய வழக்கம் உங்கள் வீட்டு மரம்தான்! 1605-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு உண்டு. வீட்டுக் கூடத்தில் மரத்தை நிறுத்தி, பல வண்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத்தாள், மிட்டாய் எல்லாம் தொங்கவிட்டார்கள் என்கிறார். உங்கள் தாத்தாவின் கிரேப் பேப்பர் அவருக்கு அந்நியமாகவே தெரிந்திருக்காது. ஆப்பிளுக்கும் காரணம் இருக்கிறது. டிசம்பர் 24 இங்கே பழைய நாட்காட்டியில் ஆதாம், ஏவாளின் நாள். அன்று ஏதேன் தோட்ட நாடகம் போடுவார்கள். பனிக்காலத்திலும் ஃபிர் என்ற ஊசியிலை மரம் பச்சையாக நிற்கும், அதில் ஆப்பிளைக் கட்டி விலக்கப்பட்ட கனி மரமாக மேடையில் நிறுத்துவார்கள்.

லௌஷாவில் 1597 முதலே கண்ணாடி உலை. ஆப்பிள் வாங்கக் காசில்லாத ஊதுகுழல் தொழிலாளி ஒருவர் தன் பிள்ளைகளுக்காகக் கண்ணாடியில் ஆப்பிளும் கொட்டையும் ஊதினார் என்று ஒரு கதை சொல்வார்கள், அது கதைதான். ஏட்டில் இருப்பது 1848-ஆம் ஆண்டு ஆர்டர் புத்தகத்தில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகள் என்ற ஒரு வரி. அதே 1848 டிசம்பரில்தான் லண்டன் பத்திரிகை ஒன்றில் விக்டோரியா அரசி, ஆல்பர்ட், பிள்ளைகள் எல்லோரும் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் வந்தது. அதைப் பார்த்து இங்கிலாந்தே மரம் வைக்கத் தொடங்கியது. 1867-இல் லௌஷாவுக்கு எரிவாயு வந்தது. சுடர் சீராக எரிந்ததால் பெரிய உருண்டையை மெல்லியதாக ஊத முடிந்தது. 1880 வாக்கில் அமெரிக்க வியாபாரி உல்வொர்த் அரைமனதோடு கொஞ்சம் வாங்கிப் போனார், கடையில் வைத்ததும் விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகு இந்த ஊருக்கு ஓய்வே இல்லை.

போன குளிர்காலத்தில் அங்கே ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். அந்த அம்மா கண்ணாடிக் குழாயைச் சுடரில் உருட்டிக்கொண்டே இருக்கிறார், நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து ஒரு ஊது. முட்டையாகத் தொடங்கி உருண்டையாகிற வரை கை சுழன்றுகொண்டே இருக்கிறது. நான் ஆச்சரியப்பட்டது அடுத்த வேலையைப் பார்த்து. பளபளப்பு வெளியே பூசுவது என்றுதான் அதுவரை நினைப்பு. இல்லை, குழாய்க் கழுத்து வழியாக வெள்ளி நைட்ரேட் கலவையைக் கொஞ்சம் உள்ளே விட்டு, வெந்நீரில் வைத்துக் குலுக்குகிறார்கள். கலங்கிய திரவம் கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்சுவர் முழுக்கக் கண்ணாடியாக மாறிவிடுகிறது. வெளியே சாயம், அதன் மேல் தூரிகை வேலை. காய்ந்தபின் கழுத்தை அறுத்து உலோகத் தொப்பி மாட்டுகிறார்கள். கீழே விழுந்து உடைந்த ஒன்றைப் பாருங்கள், வெள்ளி உள்பக்கமாகத்தான் இருக்கும்.

மகளுடைய வெள்ளை-தங்கம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஜனவரி, பிப்ரவரி வாக்கில், நாமெல்லாம் நட்சத்திரத்தைக் கழற்றி மடித்து வைத்திருக்கும் நேரத்தில், ஃபிராங்ஃபுர்ட்டில் அலங்காரப் பொருள் வியாபாரிகளுக்கென்று கிறிஸ்துமஸ்வேர்ல்ட் என்ற பெரிய கண்காட்சி நடக்கிறது. வரப்போகும் கிறிஸ்துமஸுக்கு என்ன நிறம், என்ன தீம் என்பதை அங்கேயே அடுக்கிக் காட்டுகிறார்கள். கடைக்காரர் ஆர்டர் கொடுக்கிறார், டிசம்பரில் அது போனில் 'டிரெண்ட்' ஆகிறது. நல்ல வியாபாரம். பாரம்பரியம் என்று சொல்வதுதான் கொஞ்சம் அதிகம்.

என் கீழ்வீட்டுப் பாட்டி மரத்தை 24-ஆம் தேதி மத்தியானத்துக்கு முன் ஜோடிக்க மாட்டார். பேரப்பிள்ளைகளைக் கூடத்துக்குள் விடாமல் கதவைச் சாத்தி, முடிந்ததும் சின்ன மணி அடித்துத்தான் கூப்பிடுவார். நிஜ மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். வைக்கோல் நட்சத்திரம், மரத்தில் கடைந்த குட்டித் தேவதை, லௌஷா உருண்டை, பேத்தி ஒட்டிய காகிதச் சங்கிலி, எல்லாம் கலந்துதான். லமெட்டா என்கிற வெள்ளி இழைகளை ஒவ்வொன்றாகக் கிளையில் தொங்கவிட்டு, ஜனவரி 6 கழிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து நீவி அட்டையில் சுற்றி வைப்பார். முன்பு அதை ஈயத்தில் செய்வார்கள், அதனால்தான் மடங்காமல் நேராகத் தொங்கும். இப்போது கடையில் விற்பது பிளாஸ்டிக், ஃபேன் காற்றுக்கே பறக்கும் என்று பாட்டிக்கு அதன் மேல் தீராத கோபம்.

இன்னொன்றும் கேளுங்கள், சிரிப்பு வரும். அமெரிக்காவில் 'ஜெர்மானியப் பாரம்பரியம்' என்று சொல்லி மரத்துக்குள் கண்ணாடி வெள்ளரிக்காய் ஒன்றை ஒளித்து வைப்பார்கள், முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு. இங்கே பாட்டியிடம் கேட்டேன், வெள்ளரிக்காயா என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பாளை ஜெசி:

அண்ணன், இதை அப்படியே மககிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஃபிராங்ஃபுர்ட் கண்காட்சியைக் கேட்டு முகம் சுருங்கிருச்சு. ஆனா அவ சும்மா விடுவாளா? "டிரெண்ட்னாலும் அழகா இருக்குல்ல"ங்கா. அதுக்கு என்ன பதில் சொல்ல? அழகாத்தான் இருக்கு.

அண்ணாச்சி, அரகேரியா பார்த்துட்டு வந்தேன், நல்ல விலை சொல்லுதாங்க, எங்க பால்கனி அதுக்குப் பத்தாது. சவுக்கே இருக்கட்டும், 19-ஆம் தேதி மரக்காணம் போற வேலை எங்க வீட்டுக்காரருக்குன்னு முடிவு பண்ணியாச்சு. இப்போ வேற சிக்கல். சவுக்குக் கொம்பு தொங்கும்லா? அதுல ரிப்பன் முடிச்சு, பெரிய உருண்டையெல்லாம் மாட்டினா கிளை தரையைத் தொடும். எங்க வீட்டுல அப்போ பஞ்சும் காகிதமும் பலூனும் மட்டும் போட்டதுக்குக் காரணம் காசு இல்லாதது மட்டும் இல்லன்னு இப்பத்தான் உறைக்குது. மகளோட வெள்ளை-தங்கம் லேசா எதுல கிடைக்கும்?

தூத்துக்குடி அந்தோணி:

நான் வேற கட்சி. எங்க வீட்டுல மரத்துக்கு மெனக்கெடுறதே இல்ல, குடில்தான் எல்லாம். கேழ்வரகைத் தட்டுல விதைச்சு பத்து நாள்ல புல்வெளி, சாக்குப் பையைச் சுண்ணாம்புத் தண்ணியில முக்கி மலை, கண்ணாடித் துண்டு வச்சுக் குளம், அதுல ரெண்டு வாத்து. 24 ராத்திரிப் பூசை முடிஞ்ச பிறகுதான் குழந்தை இயேசு சொரூபத்தை வைப்போம், அதுவரைக்கும் தொழுவம் காலிதான். பிரான்சிஸ் அசிசியார் 1223-ல இத்தாலியில கிரெச்சோ ஊர்ல தொடங்கி வச்சது. மரத்துக்கு அடியில ஒரு சின்னக் குடிலாவது போடுங்க, அத்தை சந்தோசப்படுவாங்க. இல்ல சிஎஸ்ஐ-க்காரங்க வழக்கம் வேறயா?

பாளை ஜெசி:

அந்தோணி அண்ணே, எங்க ஊர்ப் பக்கம் எல்லார் வீட்டுலயும் குடில் உண்டுண்ணே, சண்டையை மூட்டாதீங்க. கேழ்வரகு விதைச்சாச்சு.

மணப்பாட்டு மருமக:

ஜெசிக்கா, லேசா வேணும், வெள்ளை-தங்கத்துக்கும் ஒத்துப் போகணும், அத்தைக்கும் பிடிக்கணும்னா பனையோலைதான். எங்க ஊர் மணப்பாட்டுல பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமா ஓலை வேலை ரொம்ப காலமாச் செய்றாங்க. பெட்டி, கூடை, தொப்பி, இப்ப கிறிஸ்மஸ் சமயத்துல நட்சத்திரம், மணி, மீன், கிளி எல்லாம். குருத்தோலை காஞ்சா வெளிறின தந்த நிறம் வரும். சாயமே வேண்டாம். மஞ்ச வெளிச்சம் பட்டா லேசாத் தங்கமாவே தெரியும். ஒரு நட்சத்திரம் கையில எடுத்தா எடையே தெரியாது, சவுக்கு நுனியில தொங்கவிட்டாக்கூட கொம்பு அசையாது.

வாங்கணும்னு இல்ல, வீட்டுலயே செய்யலாம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிஞ்ச கைக்கு இது ஒண்ணுமில்ல, அத்தைக்குக் கட்டாயம் தெரியும், கேட்டுப் பாருங்க. காஞ்ச குருத்தை அரை மணி நேரம் தண்ணியில போட்டு, எடுத்து ஈரத்துணியில சுத்தி வைங்க. நேரா மடிச்சா 'படக்'னு உடையும், ஈரம் ஊறினா துணி மாதிரி வளையும். நடு ஈர்க்கை உருவிட்டு, ரெண்டு பாதியையும் கட்டைவிரல் நகத்தால ஒரே அகலத்துல கிழிச்சுக்கிடணும். அகலம் மாறினா நட்சத்திரம் கோணிக்கும். முக்கால் இஞ்ச் அகலத்துல நாலு பட்டை எடுத்து, ஒவ்வொண்ணையும் ரெண்டா மடிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து நடுவுல சதுரம் வர்ற மாதிரி இறுக்கணும். அப்புறம் ஒவ்வொரு நுனியா முக்கோணமா மடிச்சுச் செருகினா கூர் எழும்பி நிக்கும். காயும்போது ஓலை சுருங்கும், அதனால இறுக்கம் கொஞ்சம் கூடுதலாவே வைங்க. நீட்டிக்கிட்டு இருக்கிற வாலை எல்லாம் காஞ்ச பிறகு வெட்டுங்க, ஈரத்துல வெட்டினா உருவிக்கிட்டு வந்திரும்.

மகளுக்குத் தங்கம் வேணும்னா கூர் நுனியில மட்டும் கோல்டு பெயிண்ட் தொட்டு வைக்கச் சொல்லுங்க. முழுசாப் பூசினா ஓலைன்னே தெரியாது, அப்புறம் பிளாஸ்டிக்கே வாங்கியிருக்கலாம்.

எர்ஃபுர்ட்வாசி:

நாலு பட்டை கோத்து, கூர் எழுப்புகிற நட்சத்திரமா? அது இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு! காகிதத்தில் செய்வார்கள், ஃப்ரோபெல் நட்சத்திரம் என்று பெயர். கிண்டர்கார்டன் என்ற பள்ளியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் பெயரில் வழங்குகிறது. அவரும் துரிங்கியாக்காரர், 1782-இல் பிறந்தவர். சிறு பிள்ளைகள் கையால் மடித்துப் பழக வேண்டும் என்று காகித மடிப்பைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர். மகள் 'வெளிநாட்டு வழக்கம்' கேட்டாளல்லவா, ஓலையில் அதையே செய்து தொங்கவிடட்டும்.

எலக்ட்ரீஷியன் குமார்:

எல்லாரும் மரத்தையே பேசுறீங்க, லைட்டை யாரும் பேசல. ஜெசி மேடம், சவுக்கு காஞ்சா விறகு, நல்லாப் பிடிச்சு எரியும். ஓலையும் அப்படித்தான். பரண்ல இருக்கிற பழைய சீரியல் செட்டைத் தூக்கிப் போட்டுருங்க. அந்தக் குட்டிப் பல்பு சூடாகும், ஒண்ணு போனா வரிசையே அணையும், அப்புறம் வீட்டுக்காரர் ஒயரைக் கடிச்சு முறுக்கிக்கிட்டு உக்காந்திருப்பார். எல்இடி வார்ம் ஒயிட் வாங்குங்க, ஒரே கலர், மினுக்காம நிலையா எரியிற செட்டு. ஓலைக்கு அந்த மஞ்ச வெளிச்சம்தான் எடுக்கும், வெள்ளை வெளேர்னு வாங்கினா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும். அத்தையோட 'பனி'க்கு பஞ்சு வேணும்னா லைட் போற கிளையில வேண்டாம். தூங்கப் போகும்போது சுவிட்சை அணைங்க. வாளியில தண்ணி ஊத்துறீங்க, அதனால எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில கிடக்கக் கூடாது.

மாட்டுற வரிசை: முதல்ல லைட், அப்புறம்தான் மத்ததெல்லாம். ஒயரை வெளியில சுத்தாம தண்டை ஒட்டி உள்ள விட்டு, கிளை வழியா வெளிய கொண்டுவந்து திரும்ப உள்ள கொண்டு போங்க. அப்பத்தான் மரத்துக்கு உள்ள இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி இருக்கும்.

சரித்திரமும் கொஞ்சம் நமக்குத் தெரியும். மரத்துல முதல்ல கரண்ட் பல்பு போட்டது எடிசன்கூட வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன், 1882-ல, நியூயார்க்குல அவர் வீட்டுல. சிவப்பு, வெள்ளை, நீலம்னு 80 பல்பு, மரமே சுத்துற மாதிரி செஞ்சு வச்சிருந்தாராம். அதுக்கப்புறம் 1960 வாக்குல அமெரிக்காவுல அலுமினிய மரம் ஒண்ணு ஃபேஷனாச்சு, முழுசும் தகடு. அதுல சீரியல் லைட் சுத்தினா ஷாக் அடிக்கும்னு, கீழ ஒரு கலர் சக்கரத்தைச் சுழல விட்டு வெளிச்சம் அடிப்பாங்க. டிரெண்ட் டிரெண்ட்னு போனா இதுதான் கதி.

பாளை ஜெசி:

குமார் தம்பி, ஒயரைக் கடிச்சு முறுக்குறது எங்க வீட்டுல நடக்கிறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

சரி, நிலவரம் சொல்லுதேன். அத்தைகிட்ட ஓலையைக் கேட்டேன். "ஏன் தெரியாது?"ன்னு கோவிலுக்குப் போற பைக்குள்ள இருந்து போன குருத்தோலை ஞாயிறுச் சிலுவையை எடுத்துக் காட்டினாங்க. ஊர்ல இருந்து வர்ற பஸ்ல குருத்து ஒரு கட்டு அனுப்பச் சொல்லி போனும் போட்டாச்சு. மக முதல்ல வெளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியோட உக்காந்தா. வீடியோ பார்த்து நியூஸ்பேப்பர் பட்டையில ஒரு நட்சத்திரம் மடிச்சுப் பார்த்தா, நாலாவது மடிப்புல சிக்கிக்கிட்டு நின்னப்போ அத்தை வாங்கி ரெண்டு விரல்ல உருவி முடிச்சுட்டாங்க. "ஆச்சி, மறுபடி காட்டுங்க"ன்னு இப்போ அது நடக்குது.

ஒப்பந்தம் இதுதான்: சவுக்கு அத்தைக்கு, ஓலையும் தங்க நுனியும் மகளுக்கு, வேற கலர் மரத்துல ஏறாது. என் ஜிகினாவும் சாயம் போன உருண்டையும் அப்பாவோட வாழ்த்து அட்டையும் ஜன்னல் கம்பியில தொங்கும், அது என் ராஜ்யம், அங்க யாரும் தீம் பேசக் கூடாது. ஐஸ் குச்சி நட்சத்திரம் எங்கங்கிறதுல மட்டும் தகராறு. அத்தை மர உச்சிங்காங்க, செஞ்சவளே வேண்டாம்ங்கா.

அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம். மரக்காணத்துல இருந்து கொம்பை கார் மேல கட்டித்தான் கொண்டுவரணும். ரெண்டு மூணு மணி நேர வெயில்லயும் காத்துலயும் வாடிராதா?

தோட்டக்கார அண்ணாச்சி:

வாடும். வெயிலை விட காத்துதான் எமன். சாயந்திரம் நாலு மணிக்கு மேல வெட்டச் சொல்லுங்க. நனைச்ச கோணிச்சாக்கை அடியில சுத்திக் கட்டி, மேல பூரா பழைய வேட்டியைப் போர்த்தி, கார் முன்பக்கமா அடிக்கட்டை வர்ற மாதிரி கட்டுங்க, நுனி பின்னாடி போகட்டும். எதிர்த் திசையில கட்டினா சென்னை வர்றதுக்குள்ள ஊசியெல்லாம் ஈசிஆர் ரோட்டுல கொட்டிரும். வந்ததும் ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணியில நிக்கட்டும், காலையில மணலுக்கு மாத்தலாம். ரெண்டு கொம்பா வாங்கிட்டு வாங்க, ஒண்ணு கோணலா இருந்தா சேர்த்துக் கட்டி நிறைவாக் காட்டிரலாம், தாத்தா காலத்துல அப்படித்தான் செய்வோம்.